பாலைவனத்து யோசனையும் கடற்கரைப் புழுக்கமும்: பழைய வண்ணாரப்பேட்டைத் தையல் கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்து ஒன்றில் இந்தத் தையல் கூடம் இருக்கிறது. கீழே கடை, நடுவில் குடோன், உச்சியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட நீளமான ஒற்றைக் கூடம். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், எல்லாரும் பீஸ் ரேட். நடத்துபவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண். அவரும் ஒரு காலத்தில் பவர் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்தான். வேலை செய்பவர்கள் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.

நைட்டி வருஷம் முழுக்க ஓடும். ஆனால் லாபம் பள்ளிச் சீருடையில்தான். ஜூனில் பள்ளி திறக்க வேண்டும் என்றால் ஏப்ரலிலும் மேயிலும் தைத்து முடிக்க வேண்டும். அதாவது, ஷீட்டுக்கு அடியில் மனிதர் உட்கார முடியாத இரண்டு மாதங்களில்தான் கூடத்துக்கு முழு வேலை. மதியம் ஒரு மணிக்கு மேல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். நான்கு மணிக்குத் திரும்ப வந்து இரவு ஒன்பது வரை தைப்பார்கள். சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு அது முடியாது. 2024 கோடையின் தொடக்கத்தில் நன்றாகத் தைக்கும் ஒருவர் ஏசி போட்ட கடை ஒன்றில் ஆல்டரேஷன் வேலைக்குப் போய்விட்டார்.

கூடத்துக்கு ஏசி போடுவது பற்றி யோசிக்காமல் இல்லை. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது, குளிர் நிற்காது. இஸ்திரி ஓடும் இடத்தில் கரண்ட் பில்லும் கட்டுப்படியாகாது. இடம் வாடகை இடம் என்பதால் கான்கிரீட் தளம் போடும் பேச்சுக்கு வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிட்டார்.

முதல் முயற்சி

அக்காவின் அண்ணன் மகன் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி புராஜெக்ட்டுக்காக, பாலைவனத்து உயிர்களையும் பாலைவன ஊர்க் கட்டிடங்களையும் பார்த்துக் குளிர்ச்சி உண்டாக்கும் வழிகளைத் தேடியவர், அத்தையின் கூடத்திலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று முன்வந்தார். அவருக்கு மாதிரியாக இருந்தது நொய்டாவில் டெக்கி எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆன்ட் ஸ்டுடியோ என்ற கட்டிடக்கலை நிறுவனம் அமைத்த சுடுமண் குழாய் அடுக்கு. தேன்கூடு போல அடுக்கிய மண் குழாய்களின் மேல் தண்ணீர் வழியும். சூடான காற்று அதற்குள் புகுந்து குளிர்ந்து வெளியே வரும். ஒட்டகத்தின் மூக்கிலும் ஈரமான மடிப்புகள் வழியாகக் காற்று போய் வரும்போது ஏறக்குறைய இதே ஈர வெப்பப் பரிமாற்றம்தான் நடக்கிறது. நம் ஊர்ப் பானைத் தண்ணீரும் அந்தக் கணக்குதான்.

கூடத்தின் மேற்குப் பக்க ஜன்னலில் இரும்பு ஃபிரேம் அடித்து மண் குழாய்களை அடுக்கி, மேலே சின்ன மோட்டாரும் துளை போட்ட பைப்பும் வைத்து, பின்னால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனைத் திருப்பிப் பொருத்தினார். செய்நேர்த்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. பார்க்கவும் அழகாக இருந்தது.

கண்டது

அந்தக் கோடையின் நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். கட்டிட வெப்பம் சம்பந்தமான வேலை செய்யும் கட்டிடக்கலைஞன் என்ற முறையில் போய்ப் பார்த்தேன். முதலில் கேட்டது தையல்காரர்களைத்தான். ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: காலையில் நன்றாக இருக்கிறது, மதியம் ஆனதும் புழுங்குகிறது, முன்னைவிட மோசம். இரண்டு பேர் மதியம் தாங்களாகவே எழுந்து மோட்டாரை அணைத்துவிடுவதாகவும் சொன்னார்கள்.

இந்தப் புகாரிலேயே விஷயம் முழுதும் இருக்கிறது. மே மாதச் சென்னையில் முற்பகலில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று. சூடானது, ஆனால் ஒப்பீட்டில் வறண்டது. நண்பகலை ஒட்டியோ அதற்குப் பிறகோ கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே வரும். வெப்பநிலை சில டிகிரி இறங்கும், ஈரப்பதம் ஏறும். கடல்காற்று வரத் தாமதமாகும் நாட்களில்தான் நகரம் கொதிக்கும். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது அப்படியொரு காலத்தில்தான்.

தண்ணீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் காட்டினால் எந்த அளவில் நிற்கிறதோ, அதற்குக் கீழே எந்த மண் குழாயாலும் காற்றைக் கொண்டுபோக முடியாது. 42 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் என்ற ராஜஸ்தான் மதியத்தில் அந்த எல்லை 22 டிகிரி அளவில் இருக்கிறது. இறங்குவதற்கு 20 டிகிரி இடம். நம் ஊரில் தரைக்காற்று அடிக்கும் 40 டிகிரி, 30 சதவீத முற்பகலில் எல்லை 26 பக்கம்; அதுவும் மோசமில்லை. கடல்காற்று வந்து 34 டிகிரி, 65 சதவீதம் ஆனதும் எல்லை 28-க்கு மேல் போய்விடும். இறங்க ஐந்தாறு டிகிரிதான் மிச்சம். நல்ல கூலர் அதில் முக்கால் பங்கை எட்டும், ஆனால் காற்று ஏறக்குறைய நிறைஈரமாகி உள்ளே வரும். வியர்வை உலராது. ஆக, ஊருக்கே நிம்மதி தரும் அதே கடல்காற்றுதான் இந்த அடுக்கைப் பயனற்றதாக்கியது.

கூடத்துக்கென்று வேறு தொல்லைகளும் வந்தன. ஊசிகளில் துரு. மேற்கு ஜன்னல் ஓரம் இருந்த வெள்ளைச் சட்டைத் துணியில் ஈர நெடி. தண்ணீர் போர்வெல்லிலிருந்துதான். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதை தெரிந்ததே. வடசென்னையின் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புதான். குழாய்களின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொண்டே வந்தது. குடிக்க வாங்கும் லாரித் தண்ணீரை இதற்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. தொட்டியில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுவும் இருந்தது.

இன்னும் முக்கியமான ஒன்றைக் குழாய் அடுக்கு மறைத்துவைத்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கு இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஷீட்டின் அடிப்பக்கம் காட்டியபோது 55 டிகிரிக்கு மேல் காட்டியது. உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் இவ்வளவு சூடான ஒரு பரப்பு இருந்தால், காற்று எத்தனை டிகிரி என்பது இரண்டாம் பட்சம். அடுப்பை உச்சந்தலைக்கு நேரே கவிழ்த்துவைத்தது போலத்தான். அதற்கும் மேலாக, கூரையைத் தாங்கும் சட்டத்திலிருந்து தொங்கிய சீலிங் ஃபேன்கள் ஷீட்டை ஒட்டித் தேங்கிய சூட்டை அப்படியே கீழே தள்ளிக்கொண்டிருந்தன.

கிழக்குச் சுவரில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. கடல் இரண்டு கிலோமீட்டருக்குள், பக்கத்துக் கட்டிடமோ ஒரு மாடி தாழ்வு. ஆனால் அந்த மூன்று ஜன்னலையும் மறைத்துத் துணி பண்டல் அடுக்கும் ரேக்குகள் நின்றன. எப்போதிலிருந்து என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

பாலைவன உதாரணங்களைப் பிரித்துப் பார்த்தது

மாணவரிடம் ஒரு நீண்ட ஸ்லைடு வரிசை இருந்தது. அதை ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை. யோசனைகள் நல்லவை, எது எந்தக் காரணத்தால் வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தால் போதும். அக்காவும் உடன் உட்கார்ந்திருந்தார்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்து ஈஸ்ட்கேட் சென்டர் என்ற கட்டிடம். கட்டிடக்கலைஞர் மிக் பியர்ஸ் கரையான் புற்றை மனதில் வைத்து வடிவமைத்தது, 1996-ல் திறந்தது. இரவின் குளிர்ந்த காற்றைக் கான்கிரீட்டுக்குள் ஓடவிட்டுப் பகலுக்குச் சேமித்துவைக்கிறது. கரையான் புற்றே அப்படி வேலை செய்வதில்லை, அது அதிகமும் மூச்சு விடும் உறுப்பு போன்றது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கரையானைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் கட்டிடம் சரியாகவே ஓடுகிறது என்பது தனி வேடிக்கை. ஹராரே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், இரவு நன்றாகக் குளிரும். மே மாத வண்ணாரப்பேட்டை இரவு 28 டிகிரியில் நிற்கிறது. சேமிக்க அங்கே குளிர்ச்சி இல்லை. ஷீட் கூரைக்குச் சேமிக்கும் கனமும் இல்லை. தள்ளிவிட்டோம்.

ஈரானின் யஸ்த் நகரத்துக் காற்றுக் கோபுரங்கள். தாழ்ந்த, நெருங்கிய வீடுகளுக்கு மேலே உயரத்தில் ஓடும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கவும், சூட்டை மேலே இழுக்கவும் உள்ளவை. பல இடங்களில் காற்று நீர்த்தொட்டியின் மேல் தவழ்ந்து போகும். நம் கூடமோ ஏற்கெனவே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ரேக்கை நகர்த்தினால் காற்று தானாக வரும். வடகிழக்குப் பருவத்தில் புயல் வரும் கரையில், ஷீட்டுக்கு மேல் ஒரு கோபுரத்தை நிறுத்துவது வம்பு. ஆனால் அதன் பாதி வேலை, அதாவது உச்சியில் சூட்டுக்கு ஒரு வாசல் விடுவது, நமக்கும் வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

சகாரா வெள்ளி எறும்பு. தரை 60 டிகிரியைத் தொடும் நேரத்தில் வெளியே வந்து இரை தேடும் பூச்சி. அதன் உடலில் முக்கோண வடிவ முடிகள் இருக்கின்றன. அவை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, உடலின் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடவும் உதவுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நான்ஃபாங் யூ குழு 2015-ல் இதை விளக்கியது. இரண்டு வேலையும் சேர்ந்து நடப்பதுதான் இதில் முக்கியம். எங்கள் மேஸ்திரி ஷீட்டுக்கு வெள்ளி நிற அலுமினியப் பெயிண்ட் அடிக்கலாம் என்றார். பளபளக்கும் உலோகப் பரப்பு ஒளியைத் திருப்பும், ஆனால் வாங்கிய சூட்டை எளிதில் விடாது. சுண்ணாம்பு இரண்டையும் செய்யும். எறும்பு பார்க்க வெள்ளி போல இருந்தாலும் அந்த முடியில் உலோகம் இல்லை என்று சொன்னதும் மேஸ்திரி சரி என்றார்.

அமெரிக்கப் பாலைவனத்து ஸகுவாரோ கள்ளி. அதன் மடிப்புகள் ஒன்றுக்கொன்று நிழல் தருகின்றன. வெயில் உடம்பின் முழுப் பரப்பிலும் விழுவதில்லை. நிழலுக்கு ஈரப்பதம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. ஜெய்சல்மேரில் எப்படியோ அப்படியே காசிமேட்டிலும்.

ஆக, வெயிலை உள்ளே விடாத உத்திகள் அப்படியே கடற்கரைக்கு வரும். வறண்ட காற்றையும் குளிர்ந்த இரவையும் நம்பியவை வராது. இரவு வானத்துக்குச் சூட்டை விடும் உத்தி பாதிதான் வரும், ஈரக் காற்று அந்தக் கதிரில் கணிசமான பங்கைக் கீழேயே திருப்பிவிடும்.

எடுத்த முடிவுகள்

செலவில்லாதது முதலில். ரேக்குகளைக் கிழக்கிலிருந்து மேற்குச் சுவருக்கு மாற்றினோம். கடல்காற்றுக்கு வழி கிடைத்தது. மாலை வெயிலில் காயும் மேற்குச் சுவருக்குத் துணி பண்டல்களே தடுப்பாகவும் ஆயின. கட்டிங் மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை, துணி எடுக்க நடை கூடுகிறது என்றார். அவருடைய மேசையையும் மேற்கே தள்ளிய பிறகே சமாதானமானார். குழாய் அடுக்கைக் கழற்றிவிட்டோம்.

இஸ்திரி மேசை கூடத்தின் நடுவில் இருந்தது. அதை மாடிப்படி முகப்புக்கு மாற்றினோம். பவர் மெஷின்களில் பழைய கிளட்ச் மோட்டார்கள். தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே சூட்டைக் கக்குபவை. மிதிக்கும்போது மட்டும் ஓடும் சர்வோ மோட்டாருக்கு மாற்ற அக்கா ஒப்புக்கொண்டார், ஆனால் பழுதாகும்போது ஒவ்வொன்றாகத்தான். காசு அவருடையது, அந்த நிதானம் நியாயமே.

கூரைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நீர்த்து, வடிகட்டி, ஃபெவிகால் கலந்து மூன்று கை அடித்தது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டினாலும் துளைத்தாலும் வரும் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. அதனால் கம்பி பிரஷ் கூடாது என்று சொல்லி, தண்ணீரை மெதுவாக விட்டுப் பாசியைத் துணியால் துடைக்கவைத்தோம். பழைய ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். ஆணி அடித்த வரிசைகளின் மேல் பலகை போட்டு அதன் மேல்தான் ஆட்கள் நடந்தார்கள்.

ஷீட்டுக்கு ஒரு அடி மேலே ஜிஐ பைப் ஃபிரேமில் 75 சதவீத நிழல் வலை கட்டினோம். ஃபிரேமைச் சுவர்களின் மேல் நிறுத்தினோம், ஷீட்டைத் தொடவில்லை. தென்னங்கீற்று மலிவு, நிழலும் நல்லது, அக்காவின் முதல் விருப்பமும் அதுதான். துணி நிறைந்த கூடம், பக்கத்து மாடிகளில் தீபாவளி ராக்கெட் என்று யோசித்து வேண்டாம் என்றோம். வலையைச் சுருட்டி இறக்கும்படி கயிற்றில் கட்டியது பருவமழையை நினைத்து.

சூட்டுக்கு வாசல்: மேற்குப் பக்க முக்கோணச் சுவரின் உச்சியில் செங்கல்லை எடுத்துச் சிமெண்ட் ஜாலி வைத்தோம். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட ஒரே நிரந்தர மாற்றம் இதுதான். கூரையில் சுற்றும் டர்போ வென்டிலேட்டர் வைக்க ஷீட்டை அறுக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை விட்டோம். முற்பகலில் மேற்கிலிருந்து அனல் ஜாலி வழியாக உள்ளே வரும் என்பதால் பிளைவுட் பலகை ஒன்றைக் கயிற்றோடு பொருத்தி, கடல்காற்று வந்ததும் திறக்கச் சொன்னோம். சீலிங் ஃபேன்களை நிறுத்தி, இரண்டு பேருக்கு ஒன்றாகச் சுவர் ஃபேன் வைத்தோம்.

பின்னர் நடந்தது

சுண்ணாம்பு அடித்த பிறகு ஷீட்டின் அடிப்பக்கம் அதே மாதிரி வெயில் நாளில் நாற்பதுகளின் நடுவுக்கு இறங்கியது. வலையும் வந்ததும் வெளிக் காற்றைவிட மூன்று நான்கு டிகிரிதான் கூடுதல். உட்காரும் உயரத்தில் காற்றின் வெப்பநிலை என்னவோ இரண்டு டிகிரி அளவுக்குத்தான் குறைந்தது. மாணவர் இதில் ஏமாந்துபோனார். இருந்தும் மதியத்தில் மெஷின்கள் நிற்பது குறைந்தது. தலைக்கு மேலிருந்த காங்கை போனதும், கிழக்குக் காற்று உடம்பில் பட்டதும் சேர்ந்து செய்த வேலை அது. கடல்காற்று தாமதமான நாட்களில் இப்போதும் மதியம் கூடத்தை மூடத்தான் வேண்டியிருந்தது.

சுவர் ஃபேன் காற்றில் சின்ன பீஸ்கள், காலர், பாக்கெட் எல்லாம் பறந்தன. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அது காசு. இரும்புத் துண்டுகளைப் பாரமாக வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் ஃபேனைத் தோளுக்கு மேலே முதுகுப் பக்கம் படும்படி திருப்பிக்கொண்டார்கள். வேலையை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அவருக்கு இப்போது மாதச் சம்பளம்.

அக்டோபரில் வலையை இறக்கிச் சுருட்டிவிட்டார்கள். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மேலே ஃபிரேம் மட்டும் நின்றது, அசையவில்லை. ஆனால் உப்புக் காற்றில் அதன் போல்ட்டுகள் ஒரே பருவத்தில் துருப்பிடித்திருந்தன. சுண்ணாம்பு மழையில் திட்டுத் திட்டாகக் கரைந்தது. கரையாத இடங்களிலும் லாரிப் புகையும் தூசும் படிந்து சாம்பல் நிறம். வெள்ளையாக இல்லாத வெள்ளைக் கூரையால் பாதிப் பயன்தான்.

பதினொரு மாத ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது, மாடி இப்போது நன்றாக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். வாடகை இடத்தில் இப்படிச் செலவு செய்கிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே அதை எழுத்தில் பேசிவைப்பது நல்லது. தெலங்கானா 2023-ல் கூல் ரூஃப் (வெயில் சூட்டை உள்ளே விடாத கூரை) கொள்கை கொண்டுவந்தது; வாடகைக்கு இருப்பவர் செலவு செய்தால் அதன் பலன் யாருக்கு என்ற கேள்வி எங்கே போனாலும் வரத்தான் செய்யும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

எதையும் வாங்கும் முன், ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை என்று ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் அளவெடுக்க வேண்டும். இரண்டு சாதாரண வெப்பமானியும் ஒரு மஸ்லின் துண்டும் போதும். குழாய் அடுக்கு வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் அதிலேயே வந்திருக்கும். அதோடு கூரையின் அடிப்பக்கச் சூட்டையும் பார்க்க வேண்டும். காற்றை மட்டும் அளந்தால் பெரிய குற்றவாளி தப்பித்துவிடும்.

சுண்ணாம்பை ஒரு முறை வேலையாக நினைக்கக் கூடாது. பருவமழை ஓய்ந்து பிப்ரவரியில் கழுவி ஒரு கை, ஏப்ரல் நடுவில் தூசு போக ஒரு கழுவல். போல்ட்டுகள் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தான் வாங்க வேண்டும், நூறு இருநூறு ரூபாய் கூடினாலும். சுவர் ஃபேன்களைத் தையல்காரர்களைக் கேட்ட பிறகே பொருத்த வேண்டும். எங்கே உட்காருகிறார்கள், துணி எந்தப் பக்கம் விழுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மண் குழாய் அடுக்கை மாணவர் தூக்கிப்போடவில்லை. வேலூரில் இருக்கும் நண்பர் வீட்டில், நல்ல தண்ணீரில், அதே அளவுகளை எடுத்துப் பார்க்க எண்ணியிருக்கிறார். கூடத்தைப் பொறுத்தவரை இன்னும் தீராதது மேற்குச் சுவரின் வெளிப்பக்கம். அங்கே நிழல் தரும்படி ஏதாவது கட்ட வேண்டும் என்றால் சந்துக்குள் நீட்ட வேண்டியிருக்கும், எதிர் வீட்டாரிடமும் பேச வேண்டும். இப்போதைக்கு அந்தச் சுவருக்கும் வெள்ளை அடிப்பதோடு நிறுத்திக்கொள்வதாக அக்கா சொல்லியிருக்கிறார்.